ஐம்பத்துநாலாம் நம்பர் சட்டி

மெல்போர்ன்
16 ஜனவரி 1955

அன்பு எட்னாவுக்கு,

நீ நலமாக இருப்பாய், உன் அப்பாவின் இருமலும் கொஞ்சம் அடங்கியிருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். நான் நலம். இங்கே வெயில் சூளை வாசலில் நிற்கிற மாதிரி இருக்கிறது. கிறிஸ்துமஸ் அன்று சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வான்கோழி தின்றேன் என்றால் நம்புவாயா? ஆறு வருடம் ஆகியும் இந்த ஊர் ஜனவரி எனக்குப் பிடிபடவில்லை.

ஒரு கெட்ட செய்தி இருக்கிறது. கோபப்படாமல் படி. நான் கப்பல் ஏறிய அன்று கம்பளித் துணியில் சுற்றிக் கொடுத்தாயே, அந்தப் புட்டிங் சட்டி உடைந்துவிட்டது. நான் உடைக்கவில்லை. நான் குடியிருக்கிற வீட்டுக்காரம்மா, திருமதி பாஸ்கோ, உடைத்தார். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த சட்டியை அப்படியே கொதிக்கிற அடுப்புக்குள் தள்ளியிருக்கிறார். பட்டாசு வெடித்த மாதிரி சத்தம். கொல்லையிலிருந்து ஓடி வந்தேன். அந்த அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது. அவர் பாட்டுக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறார்.

"என்னம்மா பண்ணீங்க?" என்று கத்தினேன்.

"பசிக்குதா? இன்னும் அரை மணி நேரம் ஆகும், பொறு" என்றார்.

சட்டியையும் அடுப்பையும் சேர்த்துத்தான் மெல்லச் சூடேற்ற வேண்டும் என்று நம் ஊரில் ஐந்து வயதுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். இவருக்கு வயது எழுபது. திட்ட மனம் வரவில்லை. இரண்டு துண்டுகளையும் கழுவி என் அறை அலமாரியில் வைத்திருக்கிறேன்.

சரி, புதிதாக ஒன்று வாங்கலாம் என்று கடைக்குப் போனேன். பழக்கதோஷம், "ஒரு முப்பத்தாறு குடும்மா" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பெண் முப்பத்தாறு சட்டிகளை எடுத்து அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

"ஐயோ, எண்ணிக்கை இல்லம்மா, அளவு" என்றேன். "பலகையில பன்னண்டு சட்டிதான் அடங்கும்னா அதுக்குப் பேரு பன்னண்டு. பெருசு, எட்டுப் பேர் வீட்டுக்கு. முப்பத்தாறு அடங்கினா அது ரெண்டு பேருக்கு. ஐம்பத்துநாலு ஒண்டிக்கட்டைக்கு."

"அப்போ நம்பர் ஏற ஏற சட்டி சின்னதாகுமா? உங்க ஊர்ல எல்லாருமே இப்படித்தானா?"

"எல்லாருமே இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்துவிட்டேன்.

இனி விஷயம். உன்னை எனக்கு நிச்சயித்த பெண் என்று எழுதிக் குடியேற்ற அலுவலகத்தில் நான் கொடுத்த மனு இந்த ஜூன் கடைசி வரைக்கும் செல்லும். அதற்கு மேல் நான் புதுப்பிக்க வேண்டும். ஆனால் நாற்பத்தைந்து வயதானவர்களை அந்தத் திட்டத்தில் எடுக்க மாட்டார்கள். நவம்பர் ஒன்பதாம் தேதி உனக்கு நாற்பத்தைந்து. இதற்கு மேல் என்னால் கணக்குப் போட முடியவில்லை. வா எட்னா. உன் அப்பாவிடம் இன்னொரு முறை பேசிப் பார். நான் கேட்பது இது எட்டாவது முறை. எண்ணி வைத்திருக்கிறேன்.

உன்
பெர்சி


சர்ச் கிரெஸ்லி
3 பிப்ரவரி 1955

அன்பு பெர்சிக்கு,

உன் கடிதம் வந்தது. உடைந்தது போகட்டும், உன் கை கால் நன்றாக இருக்கிறதல்லவா, அது போதும் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆறு வருடம் ஒரு சட்டியைக் காப்பாற்றத் தெரியாதவன் என்னைக் கூப்பிடுகிறான்!

இங்கே பனி. சட்டிப் பட்டறையில் தண்ணீர்த் தொட்டி காலையில் உறைந்து கிடக்கிறது. உடைத்துவிட்டுத்தான் கடற்பஞ்சை நனைக்கிறோம். இன்னும் சுடாத பச்சைச் சட்டிகளின் விளிம்பைத் துடைத்துத் துடைத்து என் விரல் நுனியெல்லாம் வெடிப்பு. பக்கத்து இருக்கை ஐவி இருக்கிறாளே, அவள் வாய் மட்டும் எந்தக் குளிருக்கும் உறையாது. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, ஈஸ்டர் கழிந்து. மாப்பிள்ளை பேருந்து நடத்துனர். "அக்கா, அவருக்கு டிக்கெட் கிழிக்கிறதத் தவிர ஒண்ணும் தெரியாது. நான்தான் எல்லாம் சொல்லிக் குடுக்கணும்" என்று சத்தமாகச் சொல்கிறாள். மேஸ்திரிக்குக் காது சிவந்துவிட்டது.

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"அந்தக் கங்காருக்காரன் இன்னும் உசுரோட இருக்கானா?" என்றார்.

"உங்களவிட நல்லா இருக்கான்."

"சட்டிய உடைச்சிட்டானாமே. அவன் சூளை அடுக்குன காலத்துலயே எனக்குச் சந்தேகம்தான்."

சிரித்து, அதற்கே ஐந்து நிமிடம் இருமினார். இந்தக் குளிர்காலம் அவரை ரொம்பப் படுத்துகிறது. மாடி ஏற முடியவில்லை, கட்டிலைக் கீழே அடுப்பறைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டோம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அரிசிப் புட்டிங் மட்டும் தவறக் கூடாது. எங்கள் வீட்டு முப்பத்தாறில், மேலே ஆடை பழுப்பேறி விளிம்பில் கருகும்வரை நான் காத்திருக்க வேண்டும். ஆடை முழுக்க அவருக்கு, அடியில் இருக்கிற சோறு எனக்கு. இதுதான் இந்த வீட்டுச் சட்டம்.

அவரை இப்படி விட்டுவிட்டு எப்படி வருவேன், நீயே சொல். நான் இல்லாவிட்டால் அவர் ஒரு வாரம் தாங்க மாட்டார். விட மாட்டேன் என்கிறார்.

இன்னொரு சட்டி அனுப்புகிறேன். முப்பத்தாறுதான். போன தடவையும் ஐம்பத்துநாலு கொடுக்காமல் இவள் ஏன் முப்பத்தாறு கொடுத்தாள் என்று ஒரு நாளாவது யோசித்தாயா? யோசித்திருக்க மாட்டாய்.

என்றும் உன்
எட்னா


மெல்போர்ன்
20 பிப்ரவரி 1955

என் எட்னாவுக்கு,

யோசித்தேன். ஆறு வருடமாக அதைத்தான் யோசிக்கிறேன். அந்தச் சட்டியில் எப்போது சமைத்தாலும் பாதிதான் சமைப்பேன். மீதிப் பாதி காலியாகவே அடுப்புக்குள் போய்த் திரும்பி வரும். திருமதி பாஸ்கோ இதைப் பார்த்துவிட்டு, எனக்குச் சிக்கனம் அதிகம் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.

நான் ஆசைப்பட்டு வந்தவன் இல்லை, உனக்குத் தெரியும். அந்த மார்பு மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "இன்னும் ரெண்டு வருஷம் அந்தப் பட்டறைத் தூசியில நின்னா, எலைஜா ஆர்கில் கட்டிலுக்குப் பக்கத்துல இன்னொரு கட்டில் போட்டுக்கலாம்" என்றார். உன் அப்பா பெயரைச் சொல்லித்தான் என்னை ஊரைவிட்டு விரட்டினார். இப்போது அதே அப்பா பெயரைச் சொல்லித்தான் நீ வர மாட்டேன் என்கிறாய். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சில நாள் நிறையவே இருக்கிறது.

இங்கே குழாய்ப் பட்டறையில் மூச்சு நன்றாக விடுகிறேன். ஆனால் சாயங்காலம் ஐந்து மணிச் சங்கு ஊதினதும் வாசலைப் பார்க்கிறேன். நீ மேலங்கியில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வருவாயே, ஈரமண்ணும் சோப்பும் கலந்த ஒரு வாசனையோடு, அதைத் தேடுகிறேன். வருகிறவர்கள் எல்லாம் ஆண்கள். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல். அடுத்த தபாலில் அவருக்குக் கம்பளிக் காலுறை அனுப்புகிறேன். ஆட்டுக்கு மட்டும் இந்த ஊரில் குறைவில்லை.

உன்
பெர்சி


சர்ச் கிரெஸ்லி
ஈஸ்டர் ஞாயிறு, 10 ஏப்ரல் 1955

அன்பு பெர்சிக்கு,

எழுத நாளாகிவிட்டது, மன்னித்துக்கொள். பட்டறையில் வேலை அதிகம். சட்டி கப்பலில் வந்துகொண்டிருக்கும். வைக்கோலும் மரத்தூளும் போட்டு நானே கட்டினேன். வந்ததும் விரலால் தட்டிப் பார். மணி மாதிரி கேட்டால் நல்லது. மொத்தென்று கேட்டால் வழியில் விரிசல் விட்டிருக்கும், அடுப்பில் வைக்காதே.

வெயில் வந்துவிட்டது. திரைச்சீலைகளைத் துவைத்துப் போட்டேன். கட்டிலை மறுபடி மாடிக்கு ஏற்றியாயிற்று, ஐவியும் அவள் நடத்துனரும் வந்து தூக்கிக் கொடுத்தார்கள். அவன் நல்ல பையன்தான். படியில் திரும்பும்போது, "முன்னாடி போங்க, முன்னாடி போங்க" என்று பேருந்தில் சொல்கிற மாதிரியே சொன்னான். நாங்கள் மூன்று பேரும் சிரித்துவிட்டோம். பிறகு எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது, சமையலறைக்குப் போய்விட்டேன்.

காலையில் ஆராதனைக்குப் போயிருந்தேன். எல்லோரும் உன்னை விசாரித்தார்கள். அப்பாவுக்கு இருமல் இல்லை. அவரைப் பற்றி வேறு எழுத ஒன்றுமில்லை.

உன் கடிதத்தில் அந்த ஐந்து மணிச் சங்கு பற்றி எழுதியிருந்தாயே, அந்தப் பக்கத்தை மட்டும் பட்டறைக்குக் கொண்டுபோகிறேன். மண் பட்டு ஓரம் பழுத்துவிட்டது. இனிமேல் அப்படி எழுதும்போது கெட்டித் தாளில் எழுது.

என்றும் உன்
எட்னா


மெல்போர்ன்
1 மே 1955

என் எட்னாவுக்கு,

சட்டி வந்தது! தட்டிப் பார்த்தேன். மணியேதான். திருமதி பாஸ்கோவின் காதுக்குப் பக்கத்தில் பிடித்துத் தட்டினேன், அவருக்கே கேட்டது. "யாரோ கதவத் தட்டுறாங்க பாரு" என்றார்.

நேற்றே சமைத்தேன். ஆட்டுக்கறியை உருளைக்கிழங்கோடு அடுக்கி, மூடி, காலையில் வைத்துச் சாயங்காலம் எடுத்தேன். நம் சட்டியில் வேகிற மாதிரி வேறு எதிலும் வேகாது. எட்னா, இந்த முறை முழுச் சட்டியும் சமைத்தேன். மறுபாதியைத் திருமதி பாஸ்கோவுக்குக் கொடுத்தேன். அந்த அம்மா கண்ணில் நீர் வரச் சாப்பிட்டுவிட்டு, "இத யாரு செஞ்சாங்க?" என்றார். நான்தான் என்றேன். "சமையல இல்லடா, சட்டிய" என்றார். உன் பெயரைச் சொன்னேன். "ஏன் அவ இன்னும் வரல?" என்றார். இந்தக் கேள்விக்கு மட்டும் காது எப்படித்தான் கேட்கிறதோ.

அப்பாவுக்கு இருமல் இல்லை என்று எழுதியிருந்தாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? போன கடிதத்தில் அவர் மேல் கோபம் என்று எழுதியது பெரிய தப்பு. அவரைத் திட்டிக்கொண்டே நல்ல காற்றைச் சுவாசிக்கிறேன், நன்றி கெட்டவன். காலுறை போய்ச் சேர்ந்திருக்கும். அளவு சரியா என்று எழுது. கோடைக்குள் அவர் தேறிவிட்டால், அவரையும் கூட்டிக்கொண்டு வர முடியுமா? சிரிக்காதே. இங்கே அவருக்கு மாடி ஏற வேண்டாம். வீடெல்லாம் ஒரே தளம்தான். நான் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறேன், மூன்று அறை. ஒன்றில் அவர் இருக்கட்டும். ஆடையையும் அவரே தின்னட்டும்.

உன்
பெர்சி


சர்ச் கிரெஸ்லி
22 மே 1955

அன்பு பெர்சிக்கு,

காலுறை வந்தது. அளவு சரியாக இருக்கிறது. ரொம்பக் கதகதப்பு. அப்பா சார்பில் நன்றி.

மூன்று அறை வீடு என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை கால் ஓடவில்லை. நேற்று பட்டறையில் அடியில் எண் அழுத்தும்போது ஒரு பலகை முழுக்கத் தப்பாக அழுத்தி, மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "என்னம்மா எட்னா, முப்பது வருஷமா இல்லாத தப்பு?" என்றார். வெயில் என்றேன். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

அப்பா இந்த வயதில் கடல் தாண்டி வர மாட்டார், பெர்சி. அந்த நினைப்பை விட்டுவிடு. உன் மனசு நல்ல மனசு. அதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

ஐவி கல்யாணம் நன்றாக நடந்தது. அவள் போன பிறகு பக்கத்து இருக்கையில் ஒரு ஊமைக்கோட்டான் வந்திருக்கிறாள், நாளுக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். இன்று ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்து ஐம்பத்துநாலில் அரிசிப் புட்டிங் வைத்தேன். ஜாதிக்காய் கொஞ்சம் கூடிவிட்டது. ஆடை நன்றாகப் பழுப்பேறி வந்தது, ஆனாலும் ருசிக்கவில்லை. தோட்டத்தில் ருபார்ப் தண்டு சிவந்துவிட்டது. அடுத்த வாரம் பறிக்கலாம்.

குளிர்காலம் உங்கள் பக்கம் தொடங்கியிருக்குமே, மார்புக்கு மேல் ஏதாவது போட்டுக்கொள்.

என்றும் உன்
எட்னா


மெல்போர்ன்
5 ஜூன் 1955

எட்னா,

உன் அப்பா எப்போது இறந்தார்?

இரண்டு முறை படித்த பிறகுதான் கண்ணில் பட்டது. ஐம்பத்துநாலில் அரிசிப் புட்டிங் வைத்தேன் என்று எழுதியிருக்கிறாய். வேறு யாராவது படித்தால் ஒன்றும் தெரியாது. பதினெட்டு வருடம் அந்தச் சட்டிகளைச் சூளையில் அடுக்கியவனுக்கு நீ எழுதுகிறாய், அதை மறந்துவிட்டாய். எலைஜா ஆர்கில் உட்கார்ந்திருக்கும் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஐம்பத்துநாலை மேசைமேல் வைத்தால் கரண்டியால் தட்டியே வீட்டை இரண்டாக்கியிருப்பார். உன் வீட்டில் இப்போது ஒரு ஆள்தான் சாப்பிடுகிறது.

பிறகு ஈஸ்டர் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். கட்டிலை மாடிக்கு ஏற்றியாயிற்று. இருமல் இல்லை. என்ன சாமர்த்தியம்! ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் காலுறை அளவு சரியாக இருக்கிறது என்றாயே, அது?

அந்த மனிதரோடு பத்து வருடம் ஒரே பட்டறையில் சோறு தின்றிருக்கிறேன். அவர் போனதற்கு ஒரு நிமிடம் தொப்பியைக் கழற்றி நிற்க எனக்கு உரிமை இல்லையா? நான் இங்கே அவருக்கு ஒரு அறை பார்த்துக்கொண்டிருந்தேன், எட்னா. அதற்கு வெள்ளையடிக்க ஆளைக்கூடக் கேட்டுவிட்டேன்.

எட்டு முறை உன்னைக் கேட்டேன். எட்டு முறையும் அவர் பெயரில் பதில் வந்தது. இப்போது அவர் இல்லை, அப்போதும் அவர் பெயரிலேயே பதில் வருகிறது. வர விருப்பமில்லை என்றால் அதை உன் பெயரில் சொல்லியிருக்கலாம். தாங்கியிருப்பேன்.

இனி நான் கேட்க மாட்டேன்.

பெர்சி டூன்


சர்ச் கிரெஸ்லி
19 ஜூன் 1955

பெர்சி,

மார்ச் 19, சனிக்கிழமை. மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு. நான் பட்டறையிலிருந்து வந்து மேலங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "காபி போடட்டுமாப்பா?" என்று கேட்டேன். "போடு, ஆனா நேத்து மாதிரி கழுநீரா போடாத" என்றார். தண்ணீர் கொதிப்பதற்குள் போய்விட்டார். கஷ்டப்படவில்லை. ஆராதனைக்கூடம் நிறைய ஆள். நீ இல்லை, அது ஒன்றுதான் குறை. தொப்பியைக் கழற்ற உனக்கு எல்லா உரிமையும் இருந்தது. அதை நான் பறித்துக்கொண்டேன். காலில் விழுந்து கேட்க வேண்டிய மன்னிப்பைத் தாளில் கேட்கிறேன்.

காலுறையை நான்தான் போட்டுக்கொண்டேன். எழுதும்போதுகூடப் போட்டிருக்கிறேன்.

நீ கண்டுபிடித்தது பாதிதான். மறுபாதியையும் சொல்லிவிடுகிறேன். இதைச் சொன்னால் நீ என்னை வெறுப்பாய், ஆனாலும் சொல்லாமல் இனிமேல் எதுவும் எழுத முடியாது.

அப்பா என்னைத் தடுக்கவே இல்லை.

நீ கிளம்பிய அந்த வாரமே சொன்னார். "நீயும் போயிடு எட்னா. ஐவியோட அம்மா வந்து பாத்துக்கறேன்னு சொல்லிட்டா. நான் என்ன கைக்குழந்தையா?" ஒவ்வொரு முறை உன் கடிதம் வரும்போதும் அதையே சொல்வார். போன பிப்ரவரியில்கூட, கங்காருக்காரன் என்று கேலி செய்துவிட்டு, சிரித்து இருமி முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா அந்த நல்ல பையன இப்படிக் காக்க வைக்கிற?" என்றார். அதை நான் உனக்கு எழுதவில்லை. விட மாட்டேன் என்கிறார் என்று எழுதினேன். ஊரிலும் அதையே சொன்னேன். மகளைக் கல்யாணம் பண்ண விடாத சுயநலக்காரர் என்று ஆராதனைக்கு வருகிறவர்கள் எல்லாம் பேசினார்கள். அது அவர் காதிலும் விழுந்தது. ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. பாவம், ஆறு வருடம் என் பொய்யைத் தலையில் வைத்துக்கொண்டு இருமினார்.

ஏன் என்று கேட்பாய். பயம், பெர்சி. கப்பலுக்குப் பயம் இல்லை. நீ என்னைக் கடைசியாகப் பார்த்தபோது எனக்கு முப்பத்தெட்டு. தலையில் ஒரு நரை இல்லை. இப்போது கை எல்லாம் வெடித்து, முன்பக்கம் வெள்ளையாகிவிட்டது. ஐந்து வாரம் கடலில் வந்து நான் இறங்கும்போது, என்னைப் பார்த்த அந்த நொடியில் உன் முகம் மாறிவிட்டால் நான் என்ன செய்வேன்? நீ நல்லவன், ஒன்றும் சொல்ல மாட்டாய். என்னைக் கல்யாணமும் செய்துகொள்வாய். அதுதான் இன்னும் பயம். இங்கேயே இருந்தால் நீ என்னைக் கேட்டுக்கொண்டே இருப்பாய். ஒருவன் உலகத்தின் அடுத்த கோடியிலிருந்து என்னை வா வா என்று கேட்கிறான் என்ற நினைப்பிலேயே எத்தனையோ நாள் சந்தோஷமாக வேலைக்குப் போயிருக்கிறேன். அது தீர்ந்துவிடக் கூடாது என்று இருந்தது.

அப்பா போன பிறகு எனக்குச் சாக்கு இல்லை. அதனால் அவரைச் சாக விடவில்லை. எவ்வளவு கேவலம் பார்.

உன்னை வேண்டாம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அதை மட்டும் நம்பு.

எட்னா


சர்ச் கிரெஸ்லி
14 ஆகஸ்ட் 1955

அன்பு பெர்சிக்கு,

எட்டு வாரம் ஆயிற்று, உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போகிறார், பாவம், அவர் செய்த குற்றம் போல.

பதில் எழுது என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. குளிர்கால மார்புச்சளி ஏதாவது வந்துவிட்டதா என்பது மட்டும்தான் கவலை. அதை மட்டும் திருமதி பாஸ்கோவை விட்டாவது ஒரு வரி எழுதச் சொல்.

இந்தக் கோடையில் ஊரே வெளியில் இருக்கிறது. ஐவி வந்திருந்தாள், வயிற்றைத் தள்ளிக்கொண்டு. என்னைப் பார்த்து, "என்னக்கா, வீடு இவ்ளோ அமைதியா இருக்கு?" என்றாள். அமைதியாகத்தான் இருக்கிறது. உன் எட்டுக் கேள்விகளும் இருக்கிற கடிதங்களை வரிசையாக எடுத்து வைத்துப் படித்தேன். ஒவ்வொன்றிலும் கேட்கும் விதம் வேறு. மூன்றாவது முறை கோபமாகக் கேட்டிருக்கிறாய். ஐந்தாவது முறை ஒரே வரிதான், "வந்துவிடேன்" என்று. அதைப் பார்த்துத்தான் அழுதேன். இந்த எட்டையும் எழுதியவனுக்கு நான் என்ன செய்துவிட்டேன்.

எட்னா


சர்ச் கிரெஸ்லி
2 அக்டோபர் 1955

என் பெர்சிக்கு,

ஆகஸ்டில் அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்ட மறுநாள், பட்டறையில் விடுப்புச் சொல்லிவிட்டு லண்டனுக்கு ரயில் ஏறினேன். தனியாக. வாழ்க்கையில் முதல் தடவை. குடியேற்ற அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஒரு குமாஸ்தா.

"உங்களுக்கு மனு போட்டவர் பேரு?" என்றார்.

"பெர்சி டூன். ஆனா அது ஜூனோட முடிஞ்சிருக்கும். அவரு புதுப்பிச்சிருக்க மாட்டாரு. புதுசா என் பேர்லயே போட முடியுமான்னு கேக்கத்தான் வந்தேன்."

அவர் உள்ளே போய் கோப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"மனு இன்னும் முடியலையேம்மா. ஜூன் இருபத்தெட்டாம் தேதி மெல்போர்ன்ல புதுப்பிச்சு இங்க அனுப்பியிருக்காரு. கூட ஒரு சீட்டு வேற குத்தியிருக்கு."

"என்ன சீட்டு?"

"நீங்களே பாருங்க."

உன் கையெழுத்து. 'இந்தப் பெண்மணி தானாகக் கேட்டு வந்தால் மட்டும் இதைக் காட்டவும். நீங்களாகக் கடிதம் போட்டு அழைக்க வேண்டாம். மற்றபடி அவளுக்கு எந்த விதத்திலும் தெரியக் கூடாது.'

ஜூன் இருபத்தெட்டு. நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு எழுதிய கடிதம் அதற்கு முந்தின நாள்தான் உன் கைக்கு வந்திருக்கும். அதைப் படித்த மறுநாளே வேலையைப் போட்டுவிட்டு அலுவலகத்துக்குப் போயிருக்கிறாய். எனக்கு எழுதவில்லை. இனி கேட்க மாட்டேன் என்று சொன்ன வார்த்தையைக் காப்பாற்றியிருக்கிறாய். அடப் பிடிவாதக்காரா! நான் அந்த மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், அழுதேன், இரண்டும் சேர்ந்து வந்தது. குமாஸ்தா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்தார்.

"கல்யாணம் எப்பன்னு ஒரு கேள்வி இருக்கும்மா. என்ன எழுதட்டும்?"

"அவரைக் கேக்கணும்" என்றேன்.

"இன்னும் கேக்கலையா?"

"இல்ல. இது என் முறை."

மருத்துவப் பரிசோதனையும் ஆயிற்று. மருத்துவர் மார்பைத் தட்டிப் பார்த்தார், தூசி குறைவுதான் என்றார். ஒரு குடும்பம் பயணத்தை ரத்து செய்ததில் ஒரு இடம் காலியானது. அக்டோபர் 11, செவ்வாய்க்கிழமை டில்பரி துறைமுகத்திலிருந்து கப்பல். நாற்பத்தைந்தாவது பிறந்தநாளுக்கு நடுக்கடலில் இருப்பேன். நவம்பர் 14 அங்கே வந்து சேரும் என்று சீட்டில் போட்டிருக்கிறது. இந்தக் கடிதம் விமானத்தில் வருகிறது, எனக்கு முன்னால் வந்துவிடும்.

ஆக, பெர்சி டூன், நீ கேட்க வேண்டாம். நான் கேட்கிறேன். என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா? முன்தலை நரைத்திருக்கிறது. கை சொரசொரப்பு. பொய் சொல்லியிருக்கிறேன், அது உனக்கே தெரியும். என்னைப் பார்த்ததும் உன் முகம் மாறினால் மாறட்டும், நேருக்கு நேர் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். நீ துறைமுகத்துக்கே வரவில்லை என்றாலும் உன்மேல் வருத்தப்பட மாட்டேன். மண் வேலை தெரிந்த கைக்கு எந்த ஊரிலும் ஒரு இருக்கை கிடைக்கும். ஆனால் ஆறு வருடம் உன்னைக் கேட்க வைத்தவள் ஒரு முறையாவது கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

இதற்குப் பதில் எழுதாதே. செவ்வாய்க்கிழமை காலையில் வீட்டுச் சாவியை ஐவியிடம் கொடுத்துவிடுகிறேன். அதற்குப் பிறகு இந்த முகவரியில் கடிதம் வாங்க ஆள் இல்லை.

உன்
எட்னா